சைலன்சர் மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரில் எக்ஸாஸ்ட் (புகையை வெளியேற்றும் குழாயும் சைலன்சரும்) மாற்றியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: சத்தம் நன்றாக இருக்கிறது, பிக்கப் போய்விட்டது, ஏன்? அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் மாதிரியான டர்போ (எரிந்த வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத வண்டியை மனதில் வைத்து எழுதியது இது. டர்போவுக்கும் டீசலுக்கும் தனிக் கேள்விகள் உண்டு.

படிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். "பவர் குறைந்துவிட்டது" என்பதோடு நிற்காமல், எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) குறைகிறது என்று ஒரு நாள் கவனித்து ஓட்டிப் பாருங்கள். கீழேயா, மேலேயா, எல்லா இடத்திலுமா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சைலன்சர் மாத்தினதுல இருந்து வண்டி இழுக்கவே இல்ல சார். நிஜமாவே பவர் குறைஞ்சிருக்கா, எனக்குத்தான் அப்படித் தோணுதா?

இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. சத்தம் ஓட்டுபவரை ஏமாற்றும். சிலருக்குச் சத்தம் கூடியதுமே வண்டி பறப்பதாகத் தோன்றும். சிலருக்கு, இத்தனை உறுமலுக்கு இவ்வளவுதான் வேகமா என்று மந்தமாகத் தெரியும். அதனால் அளந்து பார்த்துவிடுவதே நல்லது.

போக்குவரத்து இல்லாத, மேடு பள்ளம் இல்லாத நேர்ச் சாலையில் மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போங்கள். அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 80 கி.மீ. தொட எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். போனில் ஜிபிஎஸ் வைத்து நேரம் கணக்கிடும் செயலிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். ஏசியை அணைத்துவிட்டு, அதே ஆட்களோடு, போகும்போதும் வரும்போதும் சில முறை அளந்து சராசரி எடுங்கள். ஸ்விஃப்டில் இந்த ஓட்டம் 2000 ஆர்பிஎம்முக்குச் சற்றுக் கீழே தொடங்கி 4000 வரை போகும். நாம் தினமும் ஓட்டுவதும் அந்த எல்லைக்குள்தான்.

பழைய சைலன்சரோடு அளந்த கணக்கு இல்லையென்றால், அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு அதில் அளந்து பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது உங்கள் கற்பனை இல்லை.

பவர் கூடும்னுதானே காசு போட்டு மாத்தினேன்? அது எப்படிக் குறையும்?

2018 ஸ்விஃப்ட் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதன் 83 குதிரைத்திறன் கிடைப்பது 6000 ஆர்பிஎம்மில். 113 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) கிடைப்பது 4200-இல். ஊருக்குள் ஓட்டும்போது நாம் பெரும்பாலும் 1500-க்கும் 3000-க்கும் நடுவில் இருக்கிறோம். பெரிய குழாய் கொடுக்கும் லாபம் 5000-க்கு மேலே. அது பறிப்பது 3000-க்குக் கீழே. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால், சின்ன இன்ஜினில் மேலே கிடைப்பதும் ஒன்றிரண்டு குதிரைத்திறன்தான்.

குழாய் அளவு தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே மட்டும் மந்தம், மேலே போனால் சரியாகிவிடுகிறது என்றால் குழாய் பெரிதாகிவிட்டது. எல்லா ஆர்பிஎம்மிலும் மந்தம், கூடவே மைலேஜும் அடி என்றால் லீக் அல்லது சென்சார் கோளாறு. கீழே சரியாக இருந்து மேலே மூச்சு முட்டினால் எங்கோ அடைப்பு. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பற்றியவைதான்.

பேக் பிரஷர் போயிடுச்சு, அதான் பிக்கப் இல்லன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். சரியா?

அவர் கண்டது சரி. சொல்லும் காரணம்தான் தவறு. பேக் பிரஷர் என்பது எரிந்த வாயுவை வெளியே தள்ளும்போது இன்ஜின் எதிர்கொள்ளும் அழுத்தம். அந்த எதிர்ப்பைத் தள்ள இன்ஜின் தன் சக்தியிலேயே கொஞ்சம் செலவழிக்கிறது. எந்த இன்ஜினுக்கும் அது வேண்டிய பொருள் இல்லை. வேண்டியது வாயுவின் வேகம்.

நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 100 முறை எரிந்த வாயு குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் வேகமாக ஓடினால், அதன் வாலில் அழுத்தம் குறைந்து, அடுத்து வர வேண்டிய வாயுவை இழுத்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கும் ஒரு சின்ன இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் இந்த இழுப்பு சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியேற்றி, புதுக் காற்று உள்ளே நுழைய உதவுகிறது. குழாயைப் பெரிதாக்கினால், குறுகிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர் அகன்ற வயலில் பரவியதும் நின்றுவிடுவது போல வாயு வேகம் இழக்கிறது. மெதுவாகப் போவதால் சூடும் குறைகிறது, இன்னும் மந்தமாகிறது. இழுப்பு போய்விடுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் டார்க் குறைவது இதனால்தான்.

காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. "பேக் பிரஷர் வேண்டும்" என்று நம்புபவர், பெரிய குழாயின் வாயில் ஒரு வாஷரையோ தடுப்பையோ வைத்து வெல்டிங் அடித்துக் கொடுப்பார். அப்போது மீதிக் குழாயில் வேகமும் திரும்பாது, மேலே இருந்த லாபமும் போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்போ என் வண்டிக்கு எத்தனை இன்ச் பைப் சரி?

பல 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிகளில் கம்பெனிக் குழாய் ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் இன்ச் வரை இருக்கும். 100 குதிரைத்திறனுக்குள் இருக்கும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு 2 இன்ச்சைத் தாண்டத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒன்றே முக்காலில் இருந்து 2 இன்ச்சுக்குப் போனால் குழாயின் வாய்ப்பரப்பு 30 சதவீதம் கூடுகிறது. இரண்டரைக்குப் போனால் இரு மடங்காகிறது, அதாவது அதே ஆர்பிஎம்மில் வாயுவின் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இன்ச்சில் பார்த்தால் முக்கால் இன்ச்தானே என்று தோன்றும். பரப்பில் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும்.

கடையில் சொல்லும் அளவு குழாயின் வெளி அளவு. வளைவுகளையும் பாருங்கள். அச்சு வைத்து வளைத்த குழாய் வளைவிலும் வட்டமாகவே இருக்கும். சாதாரண எந்திரத்தில் அமுக்கி வளைத்தால் வளைவில் நசுங்கி, 2 இன்ச் குழாய் அந்த இடத்தில் மட்டும் சிறுத்துவிடும்.

செலவு இல்லாம வீட்டுலயே முதல்ல எதைச் செக் பண்ணலாம்?

லீக். எல்லாவற்றுக்கும் முன்னால் லீக்கைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய எக்ஸாஸ்டில் அதிகம் தவறு நடப்பது இணைப்புகளில்தான்: இணைப்பின் இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தகடு) போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருப்பார்கள், வெல்டிங்கில் ஊசித் துளை விட்டிருப்பார்கள்.

காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து கேளுங்கள். "டிக் டிக்" என்று சத்தம் வந்து, சில நிமிடத்தில் சூடேறியதும் மறைந்தால், மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் குழாய்) இணைப்பில் கசிவு இருக்கிறது. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. பிறகு கையுறை போட்ட ஒருவர், தடித்த ஈரத்துணியால் பின்பக்க வாயைச் சில நொடிகள் அடைத்துப் பிடிக்கட்டும். கசிவு இருந்தால் நடுவில் எங்கோ "உஸ்" என்று கேட்கும். இன்ஜின் ஆறிய பின் இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குளிர்ந்த குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழி இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

வண்டிக்குக் கீழே போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பின்தான் தலையை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

லீக்னா புகை வெளியதானே போகுது? அதுல எப்படி பவர் குறையும்?

வெளியே மட்டும் போவதில்லை, உள்ளேயும் வருகிறது. முன்பு சொன்ன பாய்ச்சலின் வாலில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் அல்லவா? அந்த நொடித்துளியில் கசிவு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் உறிஞ்சப்படுகிறது. முன் ஆக்சிஜன் சென்சாருக்கு (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) முன்னால் கசிவு இருந்தால், சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்து "ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்லும். இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.

பெட்ரோல் முழுக்க எரிய, எடைக்கு எடை சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். கசிவின் புண்ணியத்தில் அந்த அளவு தவறி, பிளக் கறுத்து, மைலேஜ் குறைந்து, வண்டி திணற ஆரம்பிக்கும். அதிகப்படியான பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் சூட்டில் கெடுக்கும். சென்சாருக்கு வெகு பின்னால், கடைசி மஃப்ளர் (சத்தம் குறைக்கும் டப்பா) பக்கத்தில் லீக் என்றால் பவரில் வித்தியாசம் தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தா பின்னாடி டப் டப்னு வெடிக்குது. ரேஸ் கார் மாதிரி இருக்கு, இது நல்லதா?

கம்பெனி மேப்பில் (இசியுவில் கம்பெனி பதித்த எரிபொருள், டைமிங் கணக்கு) ஓடும் வண்டியில் புதிதாக அந்த வெடிச்சத்தம் வந்தால் அது லீக்கின் அடையாளம். எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் வெளிக்காற்றைச் சந்தித்துப் பற்றிக்கொள்கிறது. மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

செக் இன்ஜின் லைட் எரியுது. எந்தக் கோடு வந்தா என்ன அர்த்தம்?

லைட் எரிந்தால் ஸ்கேனர் போடாமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, போனிலேயே கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) தெரியும். எக்ஸாஸ்ட் வேலைக்குப் பின் அதிகம் வருபவை இவை. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று இசியு நினைக்கிறது, முதலில் லீக்கைத் தேடுங்கள். பி0172 அதற்கு எதிர்மாறு. பி0135, பி0141 இரண்டும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் பற்றியவை. வேலை செய்தபோது வயர் அறுந்திருக்கும், சாக்கெட் சரியாக மாட்டியிருக்காது, அல்லது வயர் சூடான குழாயில் பட்டு உருகியிருக்கும். பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அல்லது எடுக்கப்பட்டுவிட்டது. பி0300 என்றால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது.

லைட் எரிவதோடு வண்டி ஓர் ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மறுத்தால், அது லிம்ப் மோடு. இன்ஜினைக் காப்பாற்ற இசியுவே பவரை வெட்டிவிட்டது. அந்த நிலையில் மிதித்து ஓட்டாதீர்கள்.

லைட் எதுவும் எரியல, ஆனா பிக்கப்பும் இல்ல, மைலேஜும் இல்ல. இப்போ என்ன பண்றது?

லைட் எரியாததால் கோளாறு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. எல்லை தாண்டினால்தான் லைட் எரியும். அதற்கு முன்பே இசியு ஈடுகட்ட ஆரம்பித்திருக்கும். அதே ஓபிடி செயலியில் "ஃபியூயல் டிரிம்" என்று இரண்டு எண்கள் வரும்: ஒன்று உடனடித் திருத்தம், மற்றது நீண்ட காலத் திருத்தம். நீண்ட காலத் திருத்தம் கூட்டலிலும் கழித்தலிலும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பிளஸ் 15, பிளஸ் 20 என்று நின்றால் இசியு தொடர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது, லீக் கதைதான். சும்மா நிற்கும்போது அதிகமாகவும் 2500 ஆர்பிஎம்மில் குறைவாகவும் காட்டினால் கசிவு சிறியது. ஆனால் இன்டேக் பக்கத்து வேக்குவம் லீக்கும் இதே போலத்தான் காட்டும், அந்த ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள்.

முன் சென்சாரையும் பாருங்கள். பழைய வகைச் சென்சார் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே வேகமாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் படுத்துக் கிடந்தால் கோளாறு. புதிய வண்டிகள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகை, அதன் அளவை லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை விகிதம்) மதிப்பாகப் பார்க்க வேண்டும், 1-ஐ ஒட்டி நிற்கும். முன், பின் சென்சார் இரண்டுக்கும் ஒரே மாதிரி சாக்கெட் உள்ள வண்டிகளில் மாற்றி மாட்டிவிடுவதும் நடக்கிறது. இணைப்பில் சிலிக்கான் பசை தடவியிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்சாருக்கு ஒத்துவராத சாதாரண சிலிக்கான், ஆவியாகி அதைக் கொன்றுவிடும்.

பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா இசியு ரீசெட் ஆகி சரியாயிடும்னு சொல்றாங்களே?

ரீசெட் செய்தால் நீண்ட காலத் திருத்தம் பூஜ்யத்துக்குப் போகும். மாற்றம் சரியாகச் செய்யப்பட்டு, லீக்கும் இல்லாமல் இருந்தால், சில நாட்கள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டும்போது இசியு புதிதாகக் கற்றுக்கொள்ளும். அந்த அளவில் நல்லதுதான்.

ஆனால் ரீசெட் செய்ததும் வண்டி ஒன்றிரண்டு நாள் நன்றாக ஓடி, அப்புறம் பழையபடி மந்தமானால் அது முக்கியமான தடயம். சென்சார் தவறான தகவலைத் தொடர்ந்து கொடுக்கிறது, இசியு அதைத் திரும்பவும் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். திரும்பத் திரும்ப ரீசெட் செய்வதில் பயன் இல்லை.

கீழ நல்லாத்தான் இழுக்குது. 4000 தாண்டினா மூச்சு முட்டுது. பைப் பெருசாத்தானே போட்டிருக்கேன்?

பெரிய குழாயிலும் அடைப்பு வரலாம். நான் சந்தேகப்படும் இடங்கள்: கேஸ்கெட்டின் துளை குழாயைவிடச் சிறிதாக இருப்பது, அல்லது விலகி உட்கார்ந்திருப்பது. வெல்டிங் உள்பக்கம் வழிந்து கட்டியாக நிற்பது. மலிவான மஃப்ளரில் உள் தகடு கழன்று வழியை மறிப்பது. சத்தம் குறைக்க வாயில் செருகும் குறுகலான குழாயை எடுக்க மறந்திருப்பது. பழைய குழாயை அறுக்கும்போது சுத்தியலால் அடித்து, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு நொறுங்கியிருப்பது. கன்வெர்ட்டரைக் கையால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஆடினால் அது போய்விட்டது.

உறுதி செய்ய நல்ல ஒர்க்‌ஷாப்பில் இரண்டு சோதனைகள் செய்வார்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுவது ஒன்று. சும்மா நிற்கும்போது ஒன்றரை பிஎஸ்ஐக்குள் (அழுத்தத்தின் அலகு), 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் அடைப்பு இல்லை. இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டுவது இன்னொன்று. நல்ல இன்ஜின் சும்மா நிற்கையில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) வரை காட்டும். 2500-இல் நிலையாகப் பிடித்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால் வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது.

ஹெடரும் சேர்த்து மாத்தினேன். அப்புறம்தான் பிரச்சனையே. டிராஃபிக்ல ஆமை மாதிரி போகுது.

டிராஃபிக்கில் மட்டும் அதிகம் தெரிகிறது என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். கம்பெனி மேனிஃபோல்டைச் சுற்றியிருந்த தகட்டுக் கவசத்தை, மேனிஃபோல்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய்கள் கொண்ட ஹெடர் போடும்போது எடுத்துவிடுவார்கள். மெல்லிய குழாய்களின் சூடு பானட்டுக்குள் பரவி, ஏர் ஃபில்டருக்குப் போகும் காற்றையும் சுடவைக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க இசியு இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தள்ளும். சென்னை வெயிலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது இது நன்றாகவே தெரியும். ஓபிடி செயலியில் இன்டேக் காற்றின் வெப்பநிலை வரும். வெளி வெப்பநிலையைவிட அது எவ்வளவு ஏறுகிறது என்று பழைய நிலையோடு ஒப்பிடுங்கள். கவசத் தகடு திரும்பப் போட வழி செய்யுங்கள்.

ஹெடரில் சென்சார் துளை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நாலு குழாயும் சேரும் இடத்துக்குப் பின் இருக்க வேண்டும். ஒரே ஒரு குழாயில் வைத்தால் அந்தச் சிலிண்டரின் நிலையை மட்டும் பார்த்து மற்ற மூன்றுக்கும் இசியு தீர்ப்பு சொல்லும். வெகு பின்னால் தள்ளி வைத்தால் சென்சார் வேலை செய்ய வேண்டிய 300 டிகிரிக்கு மேலான சூட்டைப் பிடிக்கத் தாமதமாகும். கீழ்நோக்கி வைத்தால் குழாயில் ஊறும் தண்ணீர் தேங்கி அதைக் கெடுக்கும். கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் மேல்நோக்கி இருப்பதே சரி.

என்னோடது டர்போ. அதுக்கும் பெரிய பைப் போட்டா கீழ பவர் போகுமா?

டர்போவுக்குக் கணக்கு வேறு. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் டர்போ சுழலும். அதனால் கொஞ்சம் பெரிய குழாய் பெரும்பாலும் நன்மையே செய்யும். பவர் குறைந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். டவுன்பைப் (டர்போவில் இருந்து புகை இறங்கும் குழாய்) மாட்டும்போது கழற்றிய வேக்குவம் ஹோஸ், வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஹோஸ், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) கிளாம்ப் ஏதாவது ஒன்று சரியாக மாட்டியிருக்காது. கோடு பி0299 வந்தால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) போதவில்லை என்று அர்த்தம்.

பி0234 வந்தால் பூஸ்ட் எல்லை மீறிவிட்டது. வழி மிகவும் திறந்துவிட்டதால் வேஸ்ட்கேட்டால் கட்டுப்படுத்த முடியாமல் போய், இசியு பவரை வெட்டுகிறது. மேப் மாற்றாமல் பெரிய டவுன்பைப் மட்டும் போட்டவர்களுக்கு இது வரலாம். டர்பைனுக்கு முன்னால் லீக் இருந்தால் மட்டும் அது நேரடியாகவே பவரைத் தின்னும், டர்போவைச் சுழற்ற வேண்டிய வாயுவே வெளியேறிவிடுகிறது.

டீசல் வண்டியில டிபிஎஃப் எடுத்துட்டா நல்லா இழுக்கும்னு எடுத்தேன். இப்போ லிம்ப் மோடு போகுது.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ் 6 புகை விதிப்படியான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் இரண்டு ஹோஸ்கள் வழியாக அளக்கிறது. டிபிஎஃப் இல்லாமல் போனால் வித்தியாசமே இல்லை என்று தெரிந்து இசியு பவரைக் குறைத்துவிடும். சட்டத்துக்கும் எதிரானது, ஊர் மூச்சுக்கும் கெடுதல். திரும்பப் போட்டுவிடுங்கள். டிபிஎஃப் இருந்தும் சைலன்சர் வேலைக்குப் பின் இதே கோளாறு என்றால், அந்த இரண்டு ஹோஸ்களும் இடம் மாறியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் போட்டா இந்தத் தலைவலி எல்லாம் தீருமா?

தீராது. பி0420 கோடு வரும், புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். பிஎஸ் 4 தொடங்கி வந்த பெட்ரோல் கார்களுக்குச் சும்மா நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல் அது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, சத்தம் அல்லது புகை விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் தடுக்கும் பவர் மிகவும் சொற்பம். அதற்காக நச்சுப் புகையை நாலு பேர் மூக்கில் விடுவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

சென்சாருக்கு ஸ்பேசர் வெச்சா லைட் அணைஞ்சிடும்னு கடையில தர்றாங்க. வைக்கலாமா?

பின் சென்சாரில் வைக்கும் அந்தச் சின்னக் குழாய் லைட்டை மறைக்கும், பவரைத் திருப்பித் தராது. முன் சென்சாரில் வைத்தால் கலவையே கெட்டுப்போகும். வேண்டாம்.

ரீமேப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்ல?

லீக், சென்சார், அடைப்பு மூன்றும் இல்லை என்று உறுதியான பின்தான் ரீமேப் (இசியுவின் மேப்பைத் திருத்தி எழுதுவது) பற்றிப் பேச வேண்டும். தவறாக அளக்கும் சென்சாரை வைத்துக்கொண்டு மேப் எழுதினால், அந்தத் தவறையே நிரந்தரமாக்குகிறோம். குழாய் பெரிதானதால் வந்த மந்தத்தை டைமிங், எரிபொருள் மாற்றி ஓரளவு மீட்கலாம், போன வேகத்தை மேப்பால் கொண்டுவர முடியாது. டர்போவில் ரீமேப்புக்கு உண்மையான பலன் உண்டு. 1.2 லிட்டர் சாதாரண இன்ஜினில் அந்தப் பணத்துக்குச் சரியான அளவு குழாய் வாங்கிப் போடலாம்.

ஊர்ல சரியாத்தான் ஓடுது. ஊட்டி ஏறும்போது மட்டும் செகண்ட் கியர்லயே திணறுது. சைலன்சர்தான் காரணமா?

ஒரு பங்குதான். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அந்த அளவுக்குப் பவரை இழக்கும். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இருப்பதும் 2000 ஆர்பிஎம் பக்கம்தான், பெரிய குழாய் பலவீனமாக்கும் அதே இடம். இரண்டும் சேர்வதால் சமவெளியில் தெரியாத குறை மலையில் தெரிந்துவிடுகிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து 3000-க்கு மேல் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அப்போது ஏறினால் காரணம் குழாய் அளவு. அப்போதும் திணறினால் அடைப்புச் சோதனைக்குப் போங்கள்.

உள்ள உட்கார்ந்தா லேசாப் புகை வாசனை வருது, தலை வலிக்குது. பரவாயில்லையா?

வண்டியை ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நீங்கள் முகர்வது கூடவே வரும் மற்ற வாயுக்களை. தலைவலி, மயக்கம், வாந்தி உணர்வு எல்லாம் அது உடலில் ஏறியதன் அறிகுறிகள். உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள், தலைவலி நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். தரைத் தகட்டுக்குக் கீழே லீக் இருக்கிறதா, பின்வாய் பம்பருக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறதா, டிக்கியின் ரப்பர் சரியாக மூடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வரை குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவும் கூடாது.

எல்லாம் பார்த்தாச்சு, லீக் இல்ல, கோடு இல்ல, பைப்பும் சரியான அளவு. இன்னும் இழுக்கல. வேற என்ன?

சைலன்சர் மாற்றிய அதே வாரத்தில் வேறொன்று கெட்டுப்போவதும் உண்டு. கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் சுடும். ஏர் ஃபில்டர், பிளக் இரண்டையும் எடுத்துப் பார்க்கவே அரை மணி நேரம் போதும். பேட்டரியைக் கழற்றாமல் வண்டியில் ஆர்க் வெல்டிங் அடித்திருந்தால் இசியுவோ ஆல்டர்னேட்டரோ பாதிக்கப்பட்டிருக்கலாம், அதையும் கேளுங்கள்.

இந்த நிலையில் மிகத் தெளிவான சோதனை ஒன்றுதான்: பழைய எக்ஸாஸ்டை புதுக் கேஸ்கெட்டோடு திரும்ப மாட்டி, முதல் பதிலில் சொன்ன 40 முதல் 80 ஓட்டத்தை மறுபடி அளப்பது. பவர் திரும்பினால் குற்றவாளி புதுச் சைலன்சர். திரும்பாவிட்டால் அதை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்.

ஐயையோ, பழைய சைலன்சரைக் கடையிலயே விட்டுட்டேன் சார். இப்போ என்ன பண்றது?

முதலில் அந்தக் கடைக்கே போன் செய்யுங்கள், உடனே இரும்புக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அங்கே இல்லையென்றால் பழைய பாகங்கள் விற்கும் இடங்களில் தேடலாம். சென்னையில் புதுப்பேட்டை அதற்குப் பெயர் போனது, மற்ற ஊர்களிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். மாடல் பெயர் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பிஎஸ் 4 வண்டியின் குழாயும் பிஎஸ் 6 வண்டியின் குழாயும் பார்க்க ஒன்று போலிருந்தாலும், ஃபிளாஞ்ச், சென்சார் துளை இருக்கும் இடம், கன்வெர்ட்டர் எல்லாம் வேறாக இருக்கலாம். ஆர்சி புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதம், வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வண்டியில் இப்போதிருக்கும் ஃபிளாஞ்சைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், துளைகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். வாங்கும் முன் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் அதை எடுக்காதீர்கள்.